ரெண்டு நாள் உருண்டா சரியாய்டும்

அவர் கூப்பிட மாட்டார். என் மாட்டுக் கொட்டகை வாசலில் வந்து நிற்பார், அவ்வளவுதான். வலது கையின் மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திமிறுகிற கோழியைப் பிடித்திருப்பது மாதிரி நிற்பார். வேட்டியில் முழங்காலுக்குக் கீழே பொடிப் பொடியாக ரத்தம் தெறித்திருக்கும். அது அவர் ரத்தம் இல்லை.

"மாடு தண்ணி குடிச்சுதா?" என்பார்.

"குடிச்சுதுணா."

"பூட்டு. ரெண்டு நாள் உருண்டா சரியாய்டும்."

எங்கே போகணும் என்று முதல் தடவை மட்டும் கேட்டேன். "வண்டிப் பாட்டை எங்க போவுதோ அங்க" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலம் அது. கோட்டைக்கு வெளியே ஏரியைப் பார்த்த திடலில் ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். தப்பு செய்தவன் என்று அவர்கள் சொன்னவனை அதில் கட்டி, தார் பூசிய கயிற்றால் முதுகில் அடிப்பார்கள். அடிக்கிறவர் எங்கள் குப்பத்து ஆள். நான் சொல்கிறவர் அவர்தான். பெயர் வேண்டாம். அவர் வீட்டு ஆட்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

அந்த வேலையை அவர் தேடிப் போகவில்லை. கரைவலை இழுக்கிறவர் அவர். எட்டுப் பேர் இழுக்கிற பக்கத்தில் அவர் ஒருவர் நின்றால் ஆறு பேர் போதும் என்பார்கள். ஒருநாள் கோட்டைப் படகு ஒன்று அவர்கள் வலைமேல் ஏறி அறுத்துக்கொண்டு போனது. அது போய் நின்ற இடத்துக்கு அவர் நீந்திப் போய்ப் படகின் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டார். பிடித்துக்கொண்டு போய்க் கம்பத்தில் கட்டினார்கள். முப்பது அடி என்று தீர்ப்பு. அன்றைக்குப் பார்த்து அடிக்கிற சிப்பாய் காய்ச்சலில் கிடந்தான். துரை அவருடைய தோளையும் கையையும் பார்த்துவிட்டு, துபாஷி மூலமாகக் கேட்டாராம்: முப்பதையும் நீ வாங்கிக்கொள்கிறாயா, இல்லை உனக்குப் பின்னால் அடி வாங்க நிற்கிற மூன்று பேருக்கு நீ அடிக்கிறாயா என்று.

"நான் கயித்த வாங்கிகினேன்" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். வண்டியில் போகும்போது, மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முதுகு பயந்துகிச்சு. கை ஒத்துகிச்சு."

"இப்ப உட்டுட்டு வந்துடேன்ணா."

"அந்த முப்பதும் அப்பிடியேதான் இருக்குது. வேலைய உட்டா எனக்குப் போடுவாங்களாம். துபாஷி சொல்லிகினேதான் இருக்கறான்."

குப்பத்தில் வண்டி மாடு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். கருவாட்டு மூட்டைகளைப் பொன்னேரிக்கும் அதற்கு மேலேயும் கொண்டுபோவேன். அதனால்தான் என்னிடம் வந்தார். திடலில் அடி நடந்த நாளெல்லாம் பிற்பகலில் வருவார். வைக்கோலைப் பரப்பிப் போட்டால் ஏறிப் படுத்துக்கொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார். உப்பளம் தாண்டி, தாழம்புதர் தாண்டி, பாட்டை மேட்டில் ஏறும்போது கண் அயர்வார். தூக்கத்தில் எண்ணுவார். ஒல்லாந்து பாஷையில்தான் எண்ணுவார். ஏன், துவே, திரி, வீர் என்று போகும். கம்பத்தடியில் அவர்கள் எண்ணிக்கொடுக்கிற கணக்கு அது. எண்ணும்போதெல்லாம் வலது கை வைக்கோலில் துடிக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் விழிக்க மாட்டார்.

பொன்னேரிக்கு அந்தப் பக்கம் நெல்வயல்கள் வந்ததும் எழுந்து உட்காருவார். இரண்டாம் நாள் பேச ஆரம்பிப்பார். யார் வீட்டுப் பசு எத்தனை கன்று போட்டது, எந்தக் குளத்தில் தண்ணீர் இனிப்பு, இப்படி எதையாவது. வழியில் குளம் கண்டால் இறங்கி முழுகிவிட்டு வருவார். ஒரு மழைக்காலத்தில், ஆரணி ஆற்றங்கரையில் நெல் ஏற்றின வண்டி ஒன்று அச்சு வரைக்கும் சேற்றில் புதைந்து நின்றது. ஆறேழு குடியானவர்கள் தள்ளிப் பார்த்து ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். இவர் இறங்கிப் போய், சக்கரத்துக்கு அடியில் முதுகைக் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கிவிட்டார். அவர்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"எந்த ஊருபா? இன்னா வேலை செய்யற?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"ஏரிக்கரை. வலை இழுக்கறேன்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் வலை இழுக்கிறவராகவே இருந்தார். கோட்டை மதில் கண்ணில் படுகிற வரைக்கும்.

நான் சாட்டை எடுக்கக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. மாட்டைச் சத்தம் கொடுத்துத்தான் ஓட்டணும். அதனால் அவர் சாந்தமான ஆள் என்று நினைத்திருந்தேன். எளாவூர்ப் பக்கத்தில் அந்த நினைப்பு போனது.

உப்பு மூட்டை ஏற்றின வண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. இடது மாடு முட்டிபோட்டுப் படுத்துவிட்டது. வண்டிக்காரன் இறங்கி அதைச் சாட்டையால் விளாச ஆரம்பித்தான். கண்ணிலெல்லாம் அடித்தான். இவர் குதித்து இறங்கினார். போய் நாலு வார்த்தை திட்டிவிட்டு வருவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய சாட்டையைப் பிடுங்கினார். கழுத்தைப் பிடித்துச் சக்கரத்தோடு அழுத்தினார். "சக்கரத்து ஆரக்கால் ரெண்டப் புடிச்சுக்க. உட்டா ஒண்ணுல இருந்து எண்ணுவேன்" என்றார். அந்த ஆள் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு போட்டார்.

கோபமாக அடித்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் வலது காலைப் பின்னுக்குத் தேய்த்து மாற்றி, மூச்சை இழுத்து, போட்டார். ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. பாய் முடைந்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் விழுந்தது. முடிந்ததும் சாட்டையைச் சுருட்டி அந்த ஆளின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்து ஏறினார்.

"போலாம்" என்றார்.

கொஞ்ச தூரம் போன பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமேல ஒண்ணு வுழுந்தா சதை பிஞ்சு எலும்பு தெரியும். ஆளு போய்டுவான். பக்கத்துல பக்கத்துல போட்டா தோலோட போவும். அவனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். எனக்குத் தைரியம் சொல்கிறார் என்பது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தத் தடவை ரெண்டு நாள் போதவில்லை. நாலு நாள் உருண்டோம்.

பிறகு நாலு நாள் என்பதே வழக்கமாகிவிட்டது. கோட்டையில் கேட்டால் கை சுளுக்கு என்று சொல்லிவிட்டு வருவார். கயிறு பிடிக்கிற கை ஆயிற்றே என்று விட்டுவிடுவார்கள்.

ஒருமுறை நெல்லூர்ப் பக்கம் கருவாடு கொண்டுபோனேன். திரும்ப எட்டு நாள் ஆயிற்று. அந்த நாட்களில் திடலில் ஒரே காலையில் ஐந்து பேரைக் கட்டியிருக்கிறார்கள். அவர் பிற்பகலில் என் கொட்டகைக்கு வந்திருக்கிறார். வண்டி இல்லை. கொஞ்ச நேரம் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றதாக என் தாயார் சொன்னாள். அப்புறம் வீட்டுக்குப் போனார். வீட்டில் இருந்த பானைகளில் உடையாமல் ஒன்று மிச்சமில்லை. சம்சாரம் குறுக்கே வந்து தடுத்தபோது படகுத் துடுப்பால் அடித்தார். அந்த அம்மாவின் இடது கை முழங்கைக்குக் கீழே இரண்டாக ஒடிந்துவிட்டது. அடித்தவர் அவளுக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டு அழுதாராம்.

நான் வந்த மறுநாள், கையில் மூங்கில் பத்தை கட்டிக்கொண்டு அந்த அம்மா என் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணா, நெல்லூருக்கு வேற யாரையாச்சும் அனுப்பு. நீ ஊர்லயே இரு."

"ஏம்மா, உன் அப்பன் வூட்டுக்குப் போய் கொஞ்ச நாள் இருக்கலாம்ல?"

"பாட்டைக்குப் போய்ட்டு வந்தா நல்லா இருக்காருணா. பத்து நாளைக்கு ஒரு சத்தம் இல்ல. எனக்குத் தண்ணி மொண்டு வெக்கறாரு. நீ இட்டுகினு போய்ட்டு வந்தா போதும்."

அதற்குப் பிறகு பொன்னேரிக்கு மேலே நான் தனியாகப் போகவில்லை. அவருக்காக இல்லை, அந்த அம்மாவின் இன்னொரு கைக்காக.

என் தம்பி கோட்டையில் வெடிமருந்து அரைக்கிற கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். அங்கே நெருப்பு கூடாது. ஒருநாள் கூடத்துச் சுவர் ஓரமாக ஒதுங்கிச் சுருட்டு பற்றவைத்துவிட்டான். ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் காவலுக்கு இருந்த சார்ஜன் பார்த்துவிட்டான். நாற்பது அடி என்று தீர்ப்பானது.

அடிக்கு முந்தின நாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கயிற்றுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

"ணா, அது என் தம்பி."

"தெரியும்."

"கொஞ்சம் மெதுவா..."

"மெதுவா போட்டா துரை ஒண்ணுல இருந்து திருப்பி எண்ணச் சொல்வாரு. போன வருசம் ஒருத்தனுக்கு அப்பிடிப் பண்ணப் போய், முப்பதுக்குப் பதிலா அம்பத்திரண்டு வாங்கினான்." கயிற்றைக் கீழே வைத்தார். "உன் தம்பிகிட்ட ஒண்ணு சொல்லு. எல்லாரும் பயத்துல மூச்சப் புடிச்சுக்குவானுங்க. அது தப்பு. கயிறு வுழும்போது மூச்ச வெளிய உடணும். நான் அடிக்கறதுக்கு முன்ன கால மண்ணுல தேய்ப்பேன். அந்தச் சத்தம் அவனுக்குக் கேக்கும். கேட்டதும் மூச்ச உடச் சொல்லு."

நான் போய்த் தம்பியிடம் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். கேட்டானா என்று தெரியவில்லை.

மறுநாள் திடலில் நின்றேன். நாங்கள் நிற்காவிட்டால் அவனுக்கு யாரும் இல்லை என்று ஆகிவிடும். பதினேழாவது வரைக்கும் தம்பி கத்தினான். அப்புறம் சத்தம் வரவில்லை. அடிகளின் சத்தம் மட்டும், ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. என் தாயார் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தாள். நாற்பதும் முடிந்து கட்டை அவிழ்த்தபோது முழங்கால் மடங்கி அப்படியே சரிந்தான். வாழை இலையில் எண்ணெய் தடவிக் குப்புறப் படுக்கவைத்தோம். முதுகு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

அன்றைக்குப் பிற்பகல் அவர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். அதே மாதிரி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. வேட்டியில் புள்ளிகள்.

"மாடு தண்ணி குடிச்சுதா?"

நான் அவர் வேட்டியைப் பார்த்தேன். என் தம்பியின் ரத்தம் அது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மாட்டைத்தான் பார்த்தார். தெருக்கோடியில் அவர் சம்சாரம் நின்றுகொண்டிருந்தாள். நேராகாமலே கூடிப்போன கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் வண்டியைப் பூட்டினேன்.

இரண்டு நாள் அவர் பேசவில்லை. வைக்கோலில் கிடந்து எண்ணிக்கொண்டே வந்தார். ஏன், துவே, திரி. நாற்பது வரைக்கும் போய்த் திரும்ப ஒன்றுக்கு வந்தது. பொன்னேரிக்கு அருகே ஒரு பெரிய குளத்துக் கரைமேல் போகும்போது, வண்டியைக் கவிழ்த்துவிடலாமா என்று நினைத்தேன். மாடுகளை நினைத்து விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு கிணற்றடியில் இறங்கிக் குளித்தார். நாலாம் நாள் எளாவூர் தாண்டினோம்.

ஐந்தாம் நாள் காலை ஏரியின் மேற்குக் கரையில், பனைகளுக்கு நடுவே வண்டியை அவிழ்த்துவிட்டு, மாடு கட்ட முளை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் கஞ்சி குடித்துவிட்டு வந்தார். ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. ஒரு நாரை சேற்றில் கால் மாட்டிக்கொண்டு தடுமாறியதைப் பார்த்துச் சிரித்தார். நல்லா வாய்விட்டுச் சிரித்தார். தூங்கி எழுந்த குழந்தை மாதிரி முகம் தெளிந்திருந்தது. வண்டிச் சக்கரத்தின் வட்டைமேல் வலது கையை வைத்துச் சாய்ந்துகொண்டார்.

"ஆச்சு. சரியாய்டுச்சு" என்றார். விரல்களை விரித்து மடக்கிக் காட்டினார். "பாரு, நடுக்கம் இல்ல. திருப்பு, போலாம்."

அந்தக் கையைப் பார்த்தேன். நடுக்கம் இல்லைதான். இத்தனை வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கை ஓய்ந்து விழும்போதெல்லாம் நான் அதை ஏற்றிக்கொண்டுபோய், காற்றுக் காட்டி, குளிப்பாட்டி, தூங்கவைத்து, கம்பத்தடியில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். என் வண்டி இல்லாவிட்டால் அது எப்போதோ செத்துப்போயிருக்கும்.

முளை அடிக்கிற கொட்டாப்புளி கையில் இருந்தது. இலுப்பைக் கட்டை, நல்ல கனம். ஓங்கி அந்தக் கைமேல் போட்டேன்.

எலும்பு நொறுங்கிய சத்தத்தில் மாடுகள் மிரண்டன. அவர் கத்தவில்லை. இடது கையால் என் கழுத்தைப் பிடித்துப் பனைமரத்தோடு சேர்த்து அழுத்தினார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால் தரையில் இல்லை. இதோடு முடிந்தது என்று நினைத்தபோது பிடி விட்டது. நான் கீழே விழுந்து இருமினேன். நிமிர்ந்து பார்த்தால், அவர் தன் கையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டைவிரல் தப்பிச்சுகிச்சு" என்றார்.

நான் கழுத்தைத் தடவிக்கொண்டே எழுந்தேன்.

"கட்டைவிரலும் உள்ளங்கையும் இருந்தா போதும். கயித்தக் கட்டி உட்டு அடிக்கச் சொல்வானுங்க." மறுபடியும் கையைக் கொண்டுவந்து சக்கரத்தின்மேல் வைத்தார். முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். "போடு."

என்னால் கொட்டாப்புளியைத் தூக்க முடியவில்லை. முதல் அடி என்னை அறியாமல் விழுந்தது. இது அப்படி இல்லை.

"உன் தம்பிக்கு நாப்பது போட்டேன்" என்றார், திரும்பாமலே. "எனக்கு இன்னொண்ணு போட மாட்டியா?"

போட்டேன்.

பொன்னேரியில் எலும்பு கட்டுகிறவர் எப்படி ஆனது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால், "வண்டி ஏறிடுச்சு" என்றார். கோட்டையிலும் அதையே சொன்னார். கோட்டை வைத்தியன் துணியைப் பிரித்துப் பார்த்தான். கையைப் பார்த்தான், என் கழுத்தில் கன்றிப்போயிருந்த விரல் தடத்தையும் பார்த்தான். துரையிடம் ஏதோ சொன்னான். துரை கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார். அந்த முப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் என் கொட்டகைப் பக்கம் வரவில்லை. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இடது கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்தார். பிடித்ததைப் போடுகிற பானையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சம்சாரம் இழுத்துக்கொண்டு பின்னாலேயே போவாள். வீட்டில் சத்தம் வந்ததாக யாரும் சொல்லவில்லை. தூக்கத்தில் எண்ணுகிறாரா என்று அந்த அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தம்பி எழுந்து நடக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க அவனால் கடைசிவரைக்கும் முடியவில்லை. நடந்ததை அவனிடம் மட்டும் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

"ஒவ்வொண்ணுக்கும் கால தேச்சுட்டுத்தான் அடிச்சாருணா" என்றான். "எனக்கு நெனவு போற வரைக்கும் கேட்டுகினே இருந்துச்சு."

கோட்டைக்கு ஆள் கிடைக்காமல் போகவில்லை. ஒரு புதுச் சிப்பாயை வைத்தார்கள். நாலு மாதம் கழித்து, ஏரிக்கு நடுவே இருக்கிற பசியாவரத்து மீன்காரன் ஒருவனைக் கட்டினார்கள். கோட்டைப் படகோட்டியைக் கைநீட்டி அடித்துவிட்டான் என்று முப்பது. திடலில் கூட்டத்தோடு நானும் நின்றேன். எனக்குச் சற்றுத் தள்ளி அவரும் நின்றார். சிப்பாய்க்கு அவசரம். காலை மாற்றவில்லை, மூச்சு வாங்கவில்லை, ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனான். பத்துக்குள் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. இருபத்திரண்டில் தலை தொங்கிவிட்டது. வைத்தியன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான். மிச்சம் எட்டையும் போட்டு முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

செத்தவனின் ஆட்கள் பயந்துகொண்டு கிட்டே வரவில்லை. அவர்தான் போனார். இடது கையாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்தார். பிணத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வண்டியக் கொண்டா."

கொண்டுவந்தேன். வைக்கோல்மேல் கிடத்தினோம். படகுத் துறைக்குக் கொஞ்ச தூரம்தான். செத்தவனின் தாயும் தம்பியும் முன்னால் போனார்கள். அவர் வண்டிக்குப் பின்னால் வந்தார். பாதி வழியில், எனக்குக் கேட்கிற மாதிரி மட்டும் சொன்னார்:

"என் கை இருந்திருந்தா இவன் பொழைச்சிருப்பான்."

குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் மாட்டை நிறுத்தினேன்.

"ஏறிக்கணா" என்றேன்.

"வாணாம். நீ ஓட்டு."

வண்டி மேட்டில் ஏறும்போது பிணம் பின்பக்கம் சரிந்தது. அவர் அதன் பாதம் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, துறை வரைக்கும் நடந்தே வந்தார்.